முன்னே ஓடும் முதுகு

கனடாவின் வான்கூவர் நகரில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு பேர். ஒருவர் இடது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறார். அதே நொடியில் மற்றவர் அவருடைய வலப்பக்கமாகக் கடந்து போகிறார். திரும்பிப் பார்ப்பவர் ஆஸ்திரேலியாவின் ஜான் லேண்டி, கடப்பவர் இங்கிலாந்தின் ராஜர் பானிஸ்டர். 1954 ஆகஸ்ட் 7 அன்று அந்த நகரில் நடந்த ஒரு மைல் ஓட்டத்தில் இது நடந்தது. அன்றைக்கு நான்கு நிமிடத்துக்குள் மைலை ஓடி முடித்திருந்தவர்கள் உலகத்திலேயே இவர்கள் இருவர்தான். உலகச் சாதனை லேண்டியின் கையில் இருந்தது. கடைசி நூறு கஜத்தில் பானிஸ்டரின் வேகம் தன்னுடையதைவிட அதிகம் என்று அவருக்குத் தெரியும். அதனால் முன்னாலேயே ஓடி, வேகத்தாலேயே பானிஸ்டரைக் களைக்கவைத்து உதறிவிடுவது என்ற கணக்கில் ஓடினார். கடைசி வளைவு முடியும் இடத்தில், உதறிவிட்டோமா இல்லையா என்பது தெரியாமல் போயிற்று. கூட்டத்தின் இரைச்சலில் காலடி கேட்கவில்லை. தலையைத் திருப்பினார். பானிஸ்டர் 3 நிமிடம் 58.8 வினாடியில் முடித்தார், லேண்டி 3 நிமிடம் 59.6 வினாடியில். தலை திரும்பியதால்தான் லேண்டி தோற்றார் என்பது மிகை. பானிஸ்டர் அதற்கு முன்பே அவரை எட்டியிருந்தார். என் அக்கறை வேறு. ஓடுகிறவரின் மனதில் ஓடிய ஒரு கேள்வி அந்தக் கழுத்தில் வெளியே வந்து நிற்கிறது: ‘அவன் எங்கே?’

800 மீட்டர், 1500 மீட்டர், ஒரு மைல் ஆகிய நடுத்தர தூர ஓட்டங்களில் ஓடுகிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்ற கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கும். வலியைப் பற்றி நினைக்கிறார்கள் என்பது ஒன்று. எதையுமே நினைப்பதில்லை, உடம்பு ஓடுகிறது, மனம் வெறுமையாக இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டுமே பாதி உண்மை. இந்த ஓட்டங்களில் மனதின் பெரும்பகுதி தன் உடம்பின் மேல் இருப்பதில்லை, அடுத்தவரின் உடம்பின் மேல் இருக்கிறது. முன்னால் போகும் முதுகு, பக்கத்தில் உரசும் முழங்கை, உள்கோட்டோரம் திறந்து மூடும் ஓர் ஆள் அகல இடைவெளி, பின்னால் கேட்கும் மூச்சு. அங்கே சிந்தனை என்பது பெரும்பாலும் பார்வைதான். கால்கள் ஏறத்தாழச் சமமாக இருக்கும்போது வெற்றியைத் தீர்ப்பதும் அந்தப் பார்வையின் தரமே.

ஓடுகிறவர்களின் மனதைப் பற்றிய ஆய்வுகள் மாரத்தானிலிருந்து தொடங்கியதால் இந்த எளிய விஷயம் நீண்ட நாள் மறைந்து கிடந்தது. 1977இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வில்லியம் மார்கனும் மைக்கேல் பொல்லாக்கும் நெடுந்தூர ஓட்டக்காரர்களைப் பேட்டி கண்டு ஒரு பிரிவினையைச் சொன்னார்கள். சாதாரண ஓட்டக்காரர்கள் வலியை மறக்க மனதை வேறெங்காவது அனுப்பிவிடுகிறார்கள்: பழைய நினைவுகள், மனக்கணக்கு, கற்பனையில் ஒரு வீடு கட்டுவது. உச்ச நிலை ஓட்டக்காரர்களோ மூச்சு, தசை, வேகம் என்று உடம்பையே கவனித்துக்கொண்டு ஓடுகிறார்கள். உள்ளே பார்ப்பது, விலகிப் போவது என்ற இந்த இருவகைப் பாகுபாடு அடுத்த பல ஆண்டு ஆய்வுகளுக்கு அச்சாக அமைந்தது. பின்னால் ஆஷ்லி சாம்சனும் அவருடைய குழுவினரும் பத்து நெடுந்தூர ஓட்டக்காரர்களின் சட்டையில் மைக் மாட்டி, ஓடும்போது மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். சொன்னவற்றில் சுமார் 40 சதவீதம் வேகத்தையும் தூரத்தையும் பற்றியது. 32 சதவீதம் வலியும் அசௌகரியமும். மீதி 28 சதவீதம் சுற்றுப்புறம். சாலை மேடு, வெயில், எதிரே வரும் வண்டி என்று கலவையான பேச்சு. தனியாக, பயிற்சிக்காக, மணிக்கணக்கில் ஓடுகிறவரின் மனம் அது. பேசிக்கொண்டே ஓட முடிந்தது என்பதே அந்த வேகம் எப்படிப்பட்டது என்று காட்டிவிடுகிறது.

800 மீட்டரில் மைக் மாட்டினால் மூச்சிரைப்பு மட்டுமே பதிவாகும். ஓட்டம் முடிந்த பிறகு கேட்கலாம் என்றால் அங்கே வேறொரு பள்ளம். தாங்கள் ஏன் ஒன்றைச் செய்தோம் என்பதற்கு மனிதர்கள் தரும் விளக்கங்களில் பெரும்பகுதி, உள்ளே நடந்ததைப் பார்த்துச் சொல்வதாக இல்லை, இப்படித்தான் இருந்திருக்கும் என்று பிற்பாடு கட்டிக்கொள்வதாகவே இருக்கிறது என்று ரிச்சர்ட் நிஸ்பெட்டும் டிமதி வில்சனும் அதே 1977இல் வாதிட்டார்கள். தங்கம் வென்றவரிடம் மைக்கை நீட்டினால் ‘கடைசி 200இல் பார்த்துக்கொள்ளலாம் என்று பொறுமையாக இருந்தேன்’ என்பார். தோற்றிருந்தால் அதே பொறுமைக்குத் ‘தாமதமாகிவிட்டது’ என்று பெயர். எனவே வாயை ஓரளவுக்கு மேல் நம்ப முடியாது. காலை நம்பலாம். எந்தச் சுற்றை எத்தனை வினாடியில் ஓடினார், எந்தத் தடத்தில் ஓடினார், எப்போது விலகினார், எப்போது திரும்பினார் என்பவை பதிவில் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் ஒரு முடிவு. முடிவின் பின்னால் ஒரு கவனம் இருந்தாக வேண்டும்.

மைல் ஓட்டத்தின் உலகச் சாதனைகள் 32ஐ எடுத்து எந்தச் சுற்று மெதுவானது என்று டிம் நோக்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். உடம்பு வெறும் எண்ணெய் விளக்கு என்றால் எண்ணெய் குறையக் குறைய ஒளி மங்கி, கடைசிச் சுற்றுதான் எல்லாவற்றிலும் மெதுவாக இருக்க வேண்டும். அப்படி இருந்தவை இரண்டே இரண்டு. பாதிக்கும் மேற்பட்ட சாதனைகளில் மூன்றாவது சுற்றுதான் மெதுவானது. மிகக் களைத்த நான்காவது சுற்றில் வேகம் கூடுகிறது என்றால், மூன்றாவதில் எதையோ பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று பொருள். பிடித்துவைப்பது தசைக்குத் தெரியாது. இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. சாதனை முயற்சிகளில் வேகம் பிடித்துக்கொடுக்கும் பேஸ்மேக்கர்கள் பெரும்பாலும் பாதித் தூரத்துக்குப் பிறகு ஒதுங்கிவிடுவார்கள். மூன்றாவது சுற்று மெதுவாவது அதனால் இருக்கலாமே? இருக்கலாம்தான். ஆனால் அந்த எதிர்வாதம் என் பக்கமே வந்து சேர்கிறது. முன்னால் ஒரு முதுகு இருந்தவரை அதைப் பார்த்தால் போதும். அது விலகியதும் வேகத்தைத் தானே கணிக்க வேண்டியிருக்கிறது. கணிப்பு வந்து சேரும் இடத்தில்தான் வேகம் சரிகிறது.

பானிஸ்டர் 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டின் இஃப்லி ரோடு மைதானத்தில் நான்கு நிமிடத் தடையை உடைத்த ஓட்டம் இதற்கு நல்ல சாட்சி. முதலில் கிறிஸ் பிராஷர், பிறகு கிறிஸ் சாட்டவே என்று இரு நண்பர்கள் முன்னால் ஓடினார்கள். முதல் சுற்றிலேயே பானிஸ்டருக்கு வேகம் போதவில்லை என்று தோன்ற, ‘வேகமாகப் போ’ என்று பிராஷரைப் பார்த்துக் கத்தினார். பிராஷர் அசையவில்லை, தன் வேகத்திலேயே போனார். முதல் சுற்று முடிந்தபோது 57.5 வினாடி, தேவைப்பட்டதைவிட வேகமே அது. ஓய்வெடுத்து வந்த உடம்பு, படபடப்பு, காத்திருந்த நாள் எல்லாம் சேர்ந்து, போதுமான வேகத்தைப் போதாத வேகமாக அவருக்குக் காட்டியிருக்கின்றன. மருத்துவ மாணவர், பின்னாளில் நரம்பியல் நிபுணர். தன் உடம்பைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு அன்றைய ஓட்டக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அவருக்கே உள்ளிருந்து வந்த செய்தி தவறாகவும், முன்னால் ஓடிய முதுகு சரியாகவும் இருந்தது. மூன்றாவது சுற்று 62.5 வினாடிக்குச் சரிந்தது. கடைசிச் சுற்று 59க்குள். மொத்தம் 3 நிமிடம் 59.4 வினாடி.

800 மீட்டரில் கணக்கு மாறுகிறது. அந்தத் தூரத்தின் 26 உலகச் சாதனைகளை ராஸ் டக்கரும் நோக்ஸும் ஆராய்ந்ததில், இரண்டாவது சுற்று முதலாவதைவிட வேகமாக அமைந்தவை இரண்டுதான். இங்கே சேமித்துவைத்துக் கடைசியில் செலவழிக்க இடமில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் ஆக்சிஜன் இல்லாத வழியில் வருகிறது. 500 மீட்டர் தாண்டியதும் கால்கள் கனக்கத் தொடங்கிவிடும். அப்படியானால் கடைசி நூறு மீட்டரில் பின்னாலிருந்து பாய்ந்து வந்து ஜெயிப்பவர்களை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோமே, அது என்ன? பெரும்பாலும் கண்மயக்கு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் தொப்பி போட்டு ஓடிய அமெரிக்கர் டேவ் வாட்டில் பாதி ஓட்டம் தாண்டியும் எட்டாவதாக, எல்லோருக்கும் கடைசியாக ஓடிக்கொண்டிருந்தார். கடைசி நேர்ப்பகுதியில் ஒவ்வொருவராகக் கடந்து, கோட்டில் சோவியத் வீரர் யெவ்கேனி அர்ஷானோவை 0.03 வினாடியில் வென்றார். படத்தைப் பார்த்தால் அசுரப் பாய்ச்சல் போலத் தெரியும். அவருடைய 200 மீட்டர் நேரங்களோ 26.4, 26.9, 26.4, 26.2 வினாடி என்று சொல்லப்படுகின்றன. வாட்டில் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் ஓடினார். மற்றவர்கள் மெதுவானார்கள்.

ஓட்டத்துக்குள் இருப்பவர் இதை எப்படி அனுபவிக்கிறார் என்று யோசித்தால் 800 மீட்டரின் மனக்கஷ்டம் விளங்கும். முதல் 200இல் எல்லோரும் தன்னை விட்டு ஓடுவதுபோலத் தெரியும். அப்போது பின்தொடராமல் இருக்க வேண்டும். கடைசி 200இல் எல்லோரும் தன்னை நோக்கிப் பின்னோக்கி வருவதுபோலத் தெரியும். தன் கால்கள் இரும்பாகிவிட்ட அந்த நேரத்தில், தான் தேறிவருகிறோம் என்று நம்ப வேண்டும். ரயில் நிலையத்தில் பக்கத்து வண்டி நகரும்போது நம் வண்டி நகர்வதாகத் தோன்றுமே, அதே மயக்கம். அடுத்தவரின் உடம்பைத் தவிர வேறு அளவுகோல் இல்லாதவருக்கு அந்த அளவுகோலே ஆபத்தும்கூட. 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக் இறுதியில் இந்தியாவின் ஶ்ரீராம் சிங் முதல் சுற்றில் முன்வரிசையில் நின்று வேகத்தை ஏற்றிவிட்டார். கியூபாவின் ஆல்பர்டோ ஹுவான்டொரேனா அந்த வேகத்தின் மேலேறி 1 நிமிடம் 43.50 வினாடியில் உலகச் சாதனை படைத்தார். ஶ்ரீராம் சிங் 1 நிமிடம் 45.77 வினாடியில் ஏழாவதாக வந்தார். அந்த ஏழாம் இடத்து நேரம் 2018இல் ஜின்சன் ஜான்சன் முறியடிக்கும்வரை 42 ஆண்டுகள் இந்தியச் சாதனையாக நின்றது. தனக்கு மிகச் சிறந்த ஓட்டத்தையும் உலகச் சாதனையாளருக்கு மிகப் பயன்பட்ட ஓட்டத்தையும் ஒரே நேரத்தில் ஓடியவர் அவர்.

அடுத்தவரைப் பார்ப்பதுதான் சிந்தனை என்றால், யாரையும் பார்க்காமல் ஓடியவரை என்ன சொல்வது? 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கென்யாவின் டேவிட் ருடிஷா தொடக்கத்திலிருந்தே முன்னால் போனார். முதல் சுற்று 49.28 வினாடி, மொத்தம் 1 நிமிடம் 40.91 வினாடி, உலகச் சாதனை. அவர் எதிரே வெறும் ஓடுதளம். என் வாதத்துக்கு இதைவிடக் கடினமான எதிர்ச்சாட்சி கிடையாது. ஆனால் ருடிஷா செய்தது, முடிவெடுக்கும் வேலையை ஓட்டத்துக்கு முன்பே முடித்துவிட்டது. முன்னால் போவது, விடாமல் போவது என்ற ஒரே முடிவு. அதன்பிறகு இடைவெளி, முழங்கை, தடம் என்ற கேள்விகளே எழாது. அவருக்குப் பின்னால் ஓடிய ஏழு பேருக்கு எதிரே அந்த முதுகு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ஓடிய போட்ஸ்வானாவின் நைஜல் அமோஸ் 1 நிமிடம் 41.73 வினாடியில் இரண்டாவதாக வந்தார். எட்டாவதாக வந்தவரின் நேரம் 1 நிமிடம் 43.77. அதற்கு முந்திய பல ஒலிம்பிக்குகளில் அந்த நேரத்துக்குத் தங்கமே கிடைத்திருக்கும். சிந்திக்கும் சுமையை எல்லோருக்குமாக ஒருவரே ஏற்றுக்கொண்டால் ஓட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு அந்த இரவு உதாரணம். ஆனால் அப்படிச் செய்துவிட்டு முன்னாலேயே நிற்க ருடிஷாவின் கால்கள் வேண்டும்.

அந்தக் கால்கள் இருந்தும் மனம் ஓட்டத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1980 மாஸ்கோ ஒலிம்பிக். செபாஸ்டியன் கோ அப்போது 800 மீட்டர் உலகச் சாதனையாளர். இறுதி ஓட்டத்தில் கூட்டத்தின் பின்னால், வெளிப்பக்கமாக, வளைவுகளில் இரண்டாவது தடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். ஒரு தடம் தள்ளி முழுச் சுற்று ஓடினால் ஏழரை மீட்டருக்கு மேல் கூடுதல் தூரம். உலகச் சாதனையாளருக்கு அது ஒரு வினாடி. முன்னால் அவருடைய போட்டியாளர் ஸ்டீவ் ஓவெட் நகர்ந்தபோது கோவிடமிருந்து பதில் வரவில்லை. வந்தபோது நேரம் கடந்துவிட்டது. ஓவெட் ஏறத்தாழ அரை வினாடியில் தங்கத்தைத் தட்டிச் சென்றார். தன் வாழ்க்கையிலேயே மிக மோசமாக ஓடிய ஓட்டம் அது என்று கோ பின்னால் சொல்லியிருக்கிறார். ஆறு நாள் கழித்து 1500 மீட்டர், அது ஓவெட்டின் கோட்டை. இந்த முறை கோ முன்னால் இருப்பவருக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு, வழியை அடைத்துக்கொள்ள விடாமல் ஓடி, தங்கம் வென்றார், ஓவெட் மூன்றாவது. ஆறு நாளில் நுரையீரலும் தசையும் மாறுவதில்லை. பார்வை எங்கே நின்றது என்பது மாறியிருந்தது.

ஓட்டக்காரர்களே இதை மறுப்பார்கள். ‘அந்த நேரத்தில் எதுவும் தோன்றாது’ என்று சொல்கிறவர்கள் ஏராளம், அவர்கள் பொய் சொல்லவில்லை. கடும் உழைப்பின்போது மூளையின் முன்பகுதி தற்காலிகமாக அடங்கிவிடுகிறது என்று ஆர்னி டீட்ரிக் 2003இல் ஒரு கருதுகோளே முன்வைத்தார். சொற்களால் ஆன சிந்தனை குறைகிறது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் சொல் நின்றால் சிந்தனை நின்றது என்று யார் சொன்னது? 2024 ஆகஸ்ட் 6, பாரிஸ், 1500 மீட்டர் இறுதி. நார்வேயின் யாக்கோப் இங்கெப்ரிக்ட்சன் முதல் சுற்றை 55 வினாடிக்குள் ஓடி எல்லோரையும் இழுத்துக்கொண்டு போகிறார். கடைசிச் சுற்றில் அமெரிக்காவின் கோல் ஹாக்கர் அவருக்கும் உள்கோட்டுக்கும் நடுவே நுழையப் பார்க்கிறார். இங்கெப்ரிக்ட்சன் உள்ளே சரிய, இடம் மூடுகிறது. ஹாக்கர் ஒரு கணம் பின்வாங்குகிறார். கடைசி நேர்ப்பகுதியில் வெளிப்பக்கமாக இன்னோர் ஓட்டக்காரர், ஜோஷ் கெர், வருகிறார். அவரைக் கவனித்த இங்கெப்ரிக்ட்சன் கோட்டை விட்டு விலக, அதே இடம் மறுபடி திறக்கிறது. ஹாக்கர் மறுபடி நுழைகிறார். 3 நிமிடம் 27.65 வினாடி, ஒலிம்பிக் சாதனை. அவருக்கும் நான்காவதாக வந்த இங்கெப்ரிக்ட்சனுக்கும் நடுவே ஒரு வினாடியில் பத்தில் ஆறு பங்குகூட இல்லை. ஒருமுறை மூடிய வாசல் இன்னொரு முறை திறக்கும் என்று காத்து, திறந்ததும் தயங்காமல் போவதை வெறுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேர்ந்த சாரதி நெரிசலில் வண்டி ஓட்டும்போதும் வாய்க்குள் எதுவும் பேசிக்கொள்வதில்லை.

கவனம் எங்கே நிற்கிறது என்பது முடிவுகளை மட்டும் பாதிப்பதோடு நிற்கவில்லை, ஓட்டத்தின் செலவையும் பாதிக்கிறது. ஜெர்மனியில் லிண்டா ஷூக்கரும் குழுவினரும் 2009இல் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை ஒரே வேகத்தில் டிரெட்மில்லில் ஓடவைத்து, ஒருமுறை மூச்சையும் ஒருமுறை கால் அசைவையும் ஒருமுறை வெளியே திரையில் நகரும் காட்சியையும் கவனிக்கச் சொன்னார்கள். வெளியே பார்த்தபோதுதான் ஆக்சிஜன் செலவு குறைவாக இருந்தது. தானாக நடப்பதைக் குனிந்து கவனித்தால் அது தடுமாறுகிறது. மாடிப்படியில் இறங்கும்போது காலைப் பற்றி யோசித்துப் பார்த்தால் தெரியும். மார்கனும் பொல்லாக்கும் சொன்னதற்கு இது நேர் எதிராகத் தோன்றினாலும், அவர்கள் பார்த்தது இரண்டரை மணி நேர ஓட்டம். அங்கே உடம்பைக் கண்காணிக்காவிட்டால் முப்பதாவது கிலோமீட்டரில் விழ வேண்டியதுதான். இரண்டு நிமிட ஓட்டத்தில் உடம்பு தரும் செய்தி ஒன்றே ஒன்று, ‘நிறுத்து’. அதைக் கேட்டு என்ன பயன்? தனக்குத்தானே சில சொற்களைச் சொல்லிக்கொள்ளப் பழகியவர்கள் சைக்கிள் சோதனையில் களைத்து நிற்பதற்குப் பிடித்த நேரம் 18 சதவீதம் கூடியது என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்தச் செய்திக்கு ஒரு மறுமொழி வைத்திருப்பது உதவுகிறது என்ற அளவில் அதை எடுத்துக்கொள்ளலாம். ஆய்வுக்கூடத்து சைக்கிளில் முழங்கையும் இல்லை, மூடும் வாசலும் இல்லை என்பதால் அதற்கு மேல் நீட்டக் கூடாது.

வெளியே பார்ப்பதிலும் எங்கே பார்ப்பது என்ற கேள்வி மிஞ்சுகிறது. 2016 ரியோ ஒலிம்பிக் 1500 மீட்டரில் அமெரிக்காவின் மேத்யூ சென்ட்ரோவிட்ஸ் ஏறக்குறைய முழு ஓட்டமும் முன்னால் இருந்துகொண்டே வேகத்தை இறக்கி, யாரும் முந்தத் துணியாத அளவு உள்கோட்டைக் காத்து, கடைசிச் சுற்றை 51 வினாடிக்குள் ஓடி 3 நிமிடம் 50.00 வினாடியில் வென்றார். சில வாரம் கழித்து அதே நகரில் நடந்த பாராலிம்பிக்கில், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான 1500 மீட்டரில், முதல் நால்வரும் அதைவிட வேகமாக ஓடினார்கள். சென்ட்ரோவிட்ஸை இதைச் சொல்லிக் கேலி செய்தவர்கள் உண்டு. அது நியாயமில்லை. கடிகாரத்தைப் பார்த்து ஓடும்படி இறுதிப் போட்டியில் யாரும் கேட்பதில்லை. மற்றவர்கள் எல்லோரும் பின்னால் இருந்து அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓடினார்கள் என்றால், அவர்கள் அனைவரின் சிந்தனையையும் அவர் ஓட்டிக்கொண்டிருந்தார் என்று பொருள்.

வான்கூவருக்கு ஆறு ஆண்டு கழித்து, 1960 ரோம் ஒலிம்பிக்கின் 800 மீட்டரில், அந்தச் சிலையின் கண்ணாடி பிம்பம்போல ஒன்று நடந்தது. பெல்ஜியத்தின் ரோஜர் மோன்ஸ், உலகச் சாதனையாளர், கடைசி நேர்ப்பகுதியில் முன்னால் வந்துவிட்டார். லேண்டியைப் போலவே அவரும் திரும்பிப் பார்த்தார், வலப்பக்கம். ஆபத்து இடப்பக்கம் வந்துகொண்டிருந்தது: நியூசிலாந்தின் பீட்டர் ஸ்னெல், அதிகம் பேர் கேள்விப்பட்டிராத 21 வயது இளைஞர், உள்கோட்டோரம் கிடைத்த வழியில். கோட்டில் ஸ்னெல் கண்களை மூடிக்கொண்டு உடம்பை முன்னே எறிந்தார். கடைசிச் சில மீட்டரில் அவர் எதையும் பார்க்கவில்லை. நின்று மூச்சு வாங்கிய பிறகு, யார் ஜெயித்தது என்று மோன்ஸிடமே கேட்டார். ‘நீதான்’ என்றார் மோன்ஸ்.